மழைக்கு முன்பே கணக்குக் கேட்கலாமா? சென்னையின் பேரிடர் ஆயத்தமும் தணிக்கையும்

அடையாற்றங்கரை:

ஆடி பிறந்தாலே எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மழைப் பேச்சு தொடங்கிவிடும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை எங்கே நிறுத்துவார்கள், எந்தப் பள்ளிக்கூடம் முகாம், மாநகராட்சியின் உதவி எண் 1913க்கு அழைத்தால் எடுப்பார்களா என்பதோடு பேச்சு முடியும். இந்த முறை நான் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். போன மழைக்குச் செலவான பணத்துக்குத் தெருவாரியான கணக்கு எங்கே கிடைக்கும்? கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "வேலை நடந்தால் போதும் அம்மா, கணக்கைக் கிளறினால் வருகிற மோட்டாரும் வராது" என்றார் ஒரு பெரியவர்.

அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. எந்தச் சந்தில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று ஒழுங்காக எழுதிய தாள் இருந்தால், அடுத்த ஆண்டு மோட்டாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். கணக்கு எழுதுவதும் மழைக்கு ஆயத்தமாவதும் ஒரே வேலைதான் என்பது என் வாதம். இங்கே தணிக்கை தெரிந்தவர்களும் களத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். நான் நினைப்பது சரிதானா?

பழைய தணிக்கைக்காரர்:

அம்மா, நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். வெள்ளச் செலவுக் கோப்பு என்றால் தடிமனாகத்தான் இருக்கும். பிரித்தால் டீசல் பட்டியல், மோட்டார் வாடகைப் பட்டியல், சாப்பாட்டுப் பொட்டலப் பட்டியல் ஆகிய மூன்றும் முக்கால் கோப்பை நிறைத்திருக்கும்.

ஓர் ஊரில் மோட்டார் ஓடிய நேரத்தைக் காட்டும் லாக் ஷீட்டை எடுத்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை. எல்லா நாளும் அப்படியே. ஒரே பேனா, ஒரே கை, தாளில் ஒரு சொட்டு ஈரம் பட்ட சுவடு இல்லை. டீசல் எஞ்சினை ஆற வைக்கவும் எண்ணெய் மாற்றவும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அங்கே மோட்டார் ஓடவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓடியிருக்கும், மக்களும் பார்த்திருப்பார்கள். எத்தனை மணி நேரம் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அந்த இடத்துக்கு ஒரு மோட்டார் போதுமா, இரண்டு வேண்டுமா என்பதும் அதோடு சேர்ந்து போய்விட்டது. பணம் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 50ஆம் பிரிவைப் படியுங்கள். மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உடனே பொருள் தேவைப்பட்டால், தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்கள் ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே கொள்முதல் செய்ய அனுமதி தரலாம். அப்படி வாங்கிய பொருள் பயன்பட்டது என்று பொறுப்பு அலுவலர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழே கணக்குக்குச் செல்லுபடியாகும் செலவுச் சீட்டாகிவிடும். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, 16ஆம் பிரிவிலும் இயற்கைப் பேரிடருக்கு விலக்கு உண்டு. இரண்டுமே தேவையான விலக்குகள். தண்ணீர் கழுத்தளவு வந்த பிறகு யாரும் டெண்டர் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு நேர்மையான லாக் ஷீட் இல்லையென்றால், சான்றிதழ் வெறும் கையெழுத்துதான்.

களப்பொறியாளர்:

ஐயாவுக்கு வணக்கம். நான் இன்னும் பணியில் இருப்பவன், ஆகவே பெயர் வேண்டாம். தணிக்கை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தணிக்கை நடக்கும் விதத்தைப் பற்றி எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

இரவு இரண்டு மணிக்குச் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுகிறது. இருக்கிற மோட்டார் போதவில்லை. ஒரு கட்டுமான நிறுவனத்தின் மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவர் கேட்ட வாடகைக்கு இன்னொன்றைக் கொண்டுவருகிறேன். விடிவதற்குள் பாதை வடிகிறது. சில ஆண்டுகள் கழித்து ஒரு தணிக்கைப் பத்தி, அதாவது தணிக்கையர் எழுத்தில் எழுப்பும் ஆட்சேபனை, வருகிறது: ஏன் மூன்று விலைப்புள்ளிகள் பெறவில்லை, அட்டவணை விலையைவிட ஏன் கூடுதல், வித்தியாசத்தைச் சம்பந்தப்பட்டவரிடமிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது? அந்தப் பத்தி நீக்கப்படும் வரை ஓய்வூதியப் பலன் நிற்கும். இதைப் பக்கத்து மேசையில் பார்த்த இளநிலைப் பொறியாளர் அடுத்த மழையில் என்ன செய்வார்? மேலிடத்து உத்தரவு எழுத்தில் வரட்டும் என்று காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் போய்விடும்.

லாக் ஷீட்டைப் பிறகு உட்கார்ந்து எழுதுவது தவறுதான். ஆனால் அந்த நேரத்தில் மோட்டார் அருகே நிற்பவர் ஒரே ஓர் ஓட்டுநர். கையில் குடை, இன்னொரு கையில் டார்ச். அவரிடம் பேனாவைக் கொடுத்தது யார்?

காசிமேட்டுக்காரன்:

படகுகளைப் பற்றியும் பேசுங்கள். 2015இல் எங்கள் ஆட்கள் படகுகளை லாரியில் ஏற்றி நகருக்குள் கொண்டுவந்தார்கள். யாரும் வாடகை பேசிக்கொண்டு வரவில்லை, உயிரைக் காப்பாற்றத்தான் வந்தார்கள். ஆனால் ஃபைபர் படகு கடலுக்காகச் செய்தது. தெருவில் காம்பவுண்டுச் சுவரிலும் மூழ்கிக் கிடந்த கார் மீதும் உரசினால் அடிப்பாகம் கிழியும், எஞ்சின் விசிறி உடையும். எந்தப் படகு எங்கே போனது, எத்தனை நாள் ஓடியது என்று எழுதி வைத்தால்தானே பிறகு இழப்பீடு கேட்க முடியும்? வாயால் சொன்னால் எந்த மேசையிலும் எடுபடாது. எங்களுக்கு நன்றிச் சான்றிதழைவிட ஒரு பதிவேடு முக்கியம். படகு எண், எஞ்சின் குதிரைத்திறன், உரிமையாளர் கைபேசி எண், நாள் வாடகை, சேதமானால் யார் பொறுப்பு. இவற்றை மழைக்கு முன்பே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய தணிக்கைக்காரர்:

பொறியாளர் தம்பிக்கும் காசிமேட்டுத் தம்பிக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இருவரும் கேட்பது ஒன்றுதான்.

இரவு இரண்டு மணிக்கு விலை பேச வேண்டிய நிலைமையை ஆகஸ்டிலேயே இல்லாமல் ஆக்கலாம். மோட்டார், படகு, ஜேசிபி, மரம் அறுக்கும் இயந்திரம், சாப்பாடு, பாய், பால் பவுடர் ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரி விலை ஒப்பந்தம் முடித்து, மண்டலவாரியாக யார் யார் தருவார்கள் என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால், மழை நாளில் ஓர் அழைப்பு போதும். விலை ஏற்கனவே மாநகராட்சி மன்றத்தில் ஒப்புதல் பெற்றது. பொறியாளரின் தலையில் எதுவும் விழாது. அவசர விலக்கு என்பது யாரும் எதிர்பாராததற்கு மட்டுமே. டிசம்பரில் சென்னையில் மழை பெய்யும் என்பது எதிர்பாராதது இல்லை.

இன்னொன்று, 50ஆம் பிரிவில் அனுமதி தரும் இடத்தில் உள்ளாட்சி அமைப்பு இல்லை. மாவட்ட ஆணையமோ மாநில ஆணையமோ அதிகாரம் அளிக்க வேண்டும். அந்த அதிகார ஆணையின் நகலைக் கோப்பின் முதல் தாளாக வைத்துவிட்டால், பிற்பாடு வரும் கேள்விகளில் பாதி எழாது. களத்தில் ஓடியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

ஓட்டுநரிடம் பேனா கொடுக்க வேண்டாம். மோட்டாரில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் இருக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது ஒரு படம், நிறுத்தும்போது ஒரு படம், கைபேசியில் நேரமும் இடமும் பதிந்துவிடும். மழையோடு மழையாக நடக்கும் தணிக்கை அவ்வளவுதான். தணிக்கையர் ஒருவரைக் கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார வைத்து அன்றன்றைய செலவை அன்றன்றே பார்க்கச் சொல்லலாம். ஆண்டுகள் கழித்து வந்து குற்றம் கண்டுபிடிப்பதைவிட, மூன்றாம் நாளே "இந்தத் தாளில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்வது களத்தில் இருப்பவருக்கும் பாதுகாப்பு.

பட்டயக் கணக்கர்:

ஐயா சொன்னது செலவுக் கணக்கு. நான் சொத்துக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகள் 2000ஐ ஒட்டியே ரொக்கக் கணக்கிலிருந்து இரட்டைப் பதிவு நிகழ்வுக் கணக்குக்கு, அதாவது பணம் கைமாறும் வரை காத்திராமல் வரவும் செலவும் உருவாகும்போதே பதியும் முறைக்கு, மாறிவிட்டன. இந்தியாவிலேயே முன்னோடி என்று பெருமைப்படலாம். அந்த முறையில் மழைநீர் வடிகால் ஒரு சொத்து. எந்த ஆண்டு கட்டியது, எவ்வளவு நீளம், என்ன விலை, எத்தனை ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். இருந்தால், எந்த வடிகால் ஆயுள் முடிந்து நிற்கிறது என்பதைக் கணக்குப் பிரிவே பொறியியல் பிரிவுக்குச் சொல்லும். பல இடங்களில் சொத்துப் பதிவேடு "வடிகால்கள்" என்று ஒற்றை வரியில் ஒரு பெருந்தொகையோடு முடிந்துவிடுகிறது. தெருப் பெயர் இல்லாத சொத்துப் பதிவேடு இருப்புநிலைக் குறிப்பை நிரப்பும், தண்ணீரை வடிக்க உதவாது.

தூர்வாருதலுக்கும் ஒரு வழி உண்டு. செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் இத்தனை கன மீட்டர் வண்டல் எடுத்ததாக எழுதுகிறார்கள். அந்த வண்டல் லாரியில் ஏறிக் குப்பைக்கிடங்குக்குப் போனால் எடைமேடையைத் தாண்டித்தான் உள்ளே போகும். எடைச்சீட்டில் வண்டி எண்ணும் நேரமும் அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

களப்பொறியாளர்:

எடைச்சீட்டு நல்ல யோசனை, ஆனால் அப்படியே பொருந்தாது. எடுத்தவுடன் வண்டல் சேறாக இருக்கும். ஆள் இறங்கும் துளைக்குப் பக்கத்திலேயே கொட்டி, நீர் வடிந்த பிறகுதான் லாரியில் ஏற்றுவோம். அதற்குள் கன அளவும் எடையும் குறைந்துவிடும். அந்த இடைவெளியில் மழை வந்தால் பாதி திரும்ப வடிகாலுக்குள்ளேயே போய்விடும். தெருவில் குவிந்து கிடக்கும் கறுப்புச் சேற்றைச் சென்னைவாசிகள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதனால் எடைச்சீட்டை மட்டும் வைத்துப் பணத்தைப் பிடித்தால் நேர்மையான ஒப்பந்ததாரரும் அடிபடுவார்.

எனக்குத் தெரிந்த நல்ல அளவு, தூர்வாரும் முன்னும் பின்னும் வடிகாலின் அடிமட்டத்தை அளப்பது. ஒரு கம்பை இறக்கி மேல்மூடியிலிருந்து எத்தனை செ.மீ. என்று பார்த்தால் போதும். அந்தத் தெருக்காரர் ஒருவர் முன்னிலையில் அளந்து, அவர் கையெழுத்தையும் அளவுப் புத்தகத்தில் வாங்கலாம். எனக்கு இதில் ஆட்சேபனையே இல்லை. சாட்சி இருந்தால் எங்களுக்கும் நிம்மதி.

வடசென்னை மகள்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஊரெல்லாம் ஒரே கேள்வி: மழைநீர் வடிகாலுக்கென்று சொன்ன 4,000 கோடி ரூபாய் என்ன ஆனது? ஒரு தரப்பு வெள்ளை அறிக்கை கேட்டது, இன்னொரு தரப்பு பதில் சொன்னது. எனக்குக் கட்சிச் சண்டையில் அக்கறை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற எனக்கு வேண்டியது என் தெருவுக்கான ஒரு வரி. அந்தப் பெருந்தொகையில் எங்கள் பக்கத்துக் கொசஸ்தலையாறு வடிநில வேலை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தெற்கே கோவளம் வடிநில வேலை ஜெர்மன் வங்கிக் கடனில். இன்னும் பல வேலைகள் வேறு வேறு நிதிகளில். ஒவ்வொரு நிதிக்கும் தனிக் கணக்கு, தனித் தணிக்கை. கடன் கொடுத்த வங்கிக்குக் காலாண்டு தவறாமல் அறிக்கை போகிறதாம். அந்தத் தண்ணீரில் நின்றவளுக்கு எந்த அறிக்கை வந்தது? 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடையில் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன், நன்றி. ஆனால் நிவாரணத்துக்குப் பெயர்ப் பட்டியல் போட முடிந்தவர்களால் வடிகாலுக்குத் தெருப் பட்டியல் போட முடியாதா?

சட்டம் படிப்பவள்:

அக்கா கேட்டதற்கு அடியில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் புரியும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு 75, மாநிலம் 25 என்ற விகிதத்தில் போடுகின்றன. வெகுகாலம் அந்த நிதியை நிவாரணத்துக்கு மட்டுமே செலவிடலாம், ஆயத்தத்துக்கோ தணிப்புக்கோ (பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கு) கூடாது என்று வழிகாட்டுதல் இருந்தது. வீடு மூழ்கினால் பணம் உண்டு, மூழ்காமல் தடுக்க அந்த நிதியில் பணம் இல்லை. மத்திய, மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு இதை மாற்றியது. மொத்தத்தில் 20 விழுக்காடு தணிப்பு நிதிக்கு. மீதி 80இல், மீட்பு நிவாரணத்துக்கு 40, மறுகட்டுமானத்துக்கு 30, ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் 10. நகர வெள்ளத் தணிப்புக்கென்று ஏழு பெருநகரங்களுக்கு 2,500 கோடி ரூபாயையும் பரிந்துரைத்தது. அதில் சென்னைக்கு 500 கோடி. 2023 டிசம்பரில் 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது.

ஆக, ஆயத்தத்துக்கென்று பெயர் சொல்லிப் பணம் வந்துவிட்டது. அது நகருக்குள் வந்து எந்த வார்டில் என்னவாகிறது என்பதைக் காட்டும் கணக்கு எங்கே? மாநிலக் கணக்கில் இயற்கைப் பேரிடர் நிவாரணம் 2245 என்ற தலைப்பில் வரும். அதைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளம், வறட்சி என்று தெரியும், வார்டு தெரியாது. வார்டு தெரிய வேண்டிய இடம் மாநகராட்சியின் கணக்கு.

2015 வெள்ளத்தைப் பற்றிய சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர்) அறிக்கையை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்த விதத்தையும், ஆக்கிரமிப்புகளையும், வெள்ளச் சமவெளியை வரையறுக்காததையும் அது கேள்வி கேட்டது. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்ற பொருள்படவே எழுதியது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில், அதாவது வெள்ளம் வந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு. சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போக வேண்டியது அதன் முறை, அது சரி. ஆனால் சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. நகரத்தைப் பற்றிய மிக முக்கியமான தணிக்கை அறிக்கை வந்தபோது, அதை வைத்துக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது மன்றம் இருக்கிறது. கணக்கு மற்றும் தணிக்கைக்கென்றே ஒரு நிலைக்குழு இருக்கிறது. 2022 விதிகளின்படி வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதும் தளவாடங்களை எடுத்த எடுப்பில் பயன்படும் நிலையில் வைத்திருப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது. 2025 திருத்தம் பெருநகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்து, மாநகராட்சி ஆணையரை அதன் தலைவராக்குகிறது. கேட்க வேண்டிய இடம் இனி வெகு தூரத்தில் இல்லை.

காசிமேட்டுக்காரன்:

பகுதி சபையில் குடிநீர், தெருவிளக்கு தாண்டிப் பேச விடுவார்களா?

சட்டம் படிப்பவள்:

விடுவார்களா என்று கேட்காமல் பொருளை எழுதிக் கொடுத்துவிடுங்கள் அண்ணா. வாயால் சொன்னால் எடுபடாது என்று நீங்களே சொன்னீர்கள். படகுப் பதிவேட்டைக் கோரி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடையாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. சங்கத்தில் பேச இப்போது எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் பழைய தணிக்கைக்காரர் ஐயாவிடம் கேட்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட நினைக்கிறேன். "ஏன் எங்கள் தெருவில் மோட்டார் வைக்கவில்லை" என்று எழுதினால் போதுமா?

பழைய தணிக்கைக்காரர்:

போதாது அம்மா. "ஏன்" என்று கேட்டால் "விளக்கம் தகவல் ஆகாது" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இன்ன வார்டில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வாடகைக்கு எடுத்த மோட்டார்களின் லாக் ஷீட், டீசல் வழங்கல் பதிவேடு, வாடகைப் பட்டியல், அதற்குப் பணம் வழங்கிய செலவுச் சீட்டு ஆகியவற்றின் நகல். அவசரக் கொள்முதல் அதிகார ஆணையின் நகல். இந்த ஆண்டு மழைக்கு முன் முடித்த விலை ஒப்பந்தங்களின் நகல். ஒரே மனுவில் ஊர்க் கணக்கு முழுவதையும் கேட்காதீர்கள், ஒரு வார்டோடு நிறுத்துங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

களப்பொறியாளர்:

உள்ளே இருப்பவனாக ஒன்று சொல்கிறேன். மனுவைச் செப்டம்பருக்குள் போடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் எல்லாரும் தெருவில் இருப்போம், பதில் எழுத ஆள் இருக்காது. விலை ஒப்பந்தத்தின் நகலை ஒருவர் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தாலே, முடிக்காமல் கிடக்கும் ஒப்பந்தக் கோப்பு மேசையிலிருந்து நகரும்.

வடசென்னை மகள்:

நகல் மட்டும்தான் கேட்க முடியுமா? எங்கள் தெருவில் இப்போது வடிகால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மேல்மூடி போட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் படிப்பவள்:

அக்கா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவைப் படியுங்கள். நடக்கும் பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடுவது, பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுப்பது எல்லாம் தகவல் அறியும் உரிமைக்குள் வருகின்றன. அளவுப் புத்தகத்தையும் பணியிடத்தையும் ஒரே நாளில் பார்வையிட அனுமதி கேட்டு எழுதுங்கள். பொறியாளர் அண்ணா சொன்ன கம்பையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வடசென்னை மகள்:

மனுவை இன்றிரவே எழுதிவிடுகிறேன். மூடி போடும் வேலை மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.